ஆடுகிற வால்வும் பூங்காவனத் திருவிழாவும்

யூலை 4, வியாழன்

சோளகம். விடிந்ததிலிருந்து ஒரே காற்று, வாய் நிறைய மணல். கோயிலில் கொடி ஏறி இரண்டாம் நாள். மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் போட்டாயிற்று. இனித் திருவிழாவின் கடைசிப் படையலான வைரவர் மடை முடியும் மட்டும் பூசணிக்காயும் கத்தரிக்காயும்தான்.

செய்ய வேண்டியவை: மாம்பழ நிறச் சட்டை கை தளர்வு, பிடிக்க வேண்டும். கிற்றாரில் இரண்டாம் கம்பி மாற்ற வேண்டும். இடக்கை நகம் வெட்ட வேண்டும். அம்மாவுடன் சண்டை பிடிக்கக் கூடாது (முக்கியம்!).

ஏனென்றால் அம்மா ஓம் என்றுவிட்டாள். 13ஆம் திகதி, பூங்காவனத் திருவிழாவன்று, ராசண்ணையின் இசைக்குழுவில் நான் கிற்றார் வாசிக்கிறேன். ஒரே ஒரு பாட்டு, அம்மன் பாட்டு. ஒன்றாயிருந்தால் என்ன, மேடை மேடைதானே! நோட்டீசிலும் பெயர் வந்துவிட்டது. செல்வி இராசமலர், கிற்றார். பத்துத் தரம் வாசித்துப் பார்த்தேன், எழுத்துப் பிழை இல்லை.

அம்மாவின் சட்டதிட்டம்: சேலை. கதிரையில் இருந்து வாசிக்க வேண்டும். பல்லைக் காட்டக் கூடாது. எல்லாவற்றிலும் பெரியது, அண்ணை மேடையில் பக்கத்தில் நிற்க வேண்டும். "அப்பன் இல்லாத பிள்ளை. தமையன்காரன் பக்கத்திலை நிண்டால் ஊர் வாய் திறவாது. இல்லாட்டி வீட்டுக்குள்ளை இருந்து வாசி, ஆர் வேண்டாமெண்டது?"

அண்ணைக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. இந்த லீவு முடிந்து போனால் ஒன்றரை வருடத்துக்கு முகம் காட்டமாட்டார். அதற்குள் என்னை எங்கேயாவது கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே மாமியார்க்காரி கிற்றாரைப் பரணில் ஏற்றுவாள். ஆனபடியால் இந்த வருடம் இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கதை.

கிற்றாரும் அம்பிளிபயரும் அண்ணை சிங்கப்பூரில் தனக்கென்று வாங்கி வந்தவை. அந்த விரல்களுக்கு நட்டு முடுக்கத்தான் தெரியும். அவர் கப்பலேறிய பிறகு நான் எடுத்தேன், படித்தேன். அவர் திரும்பி வந்து கேட்டுவிட்டு, "எடி, நான் வாங்கின சாமான் இப்பிடியும் கத்துமோ?" என்றார். அம்பிளிபயருக்கு 'அம்பி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

பின்னேரம் அம்பி மக்கர். நல்லாகப் பாடிக்கொண்டிருந்தது, பூனை மேசையில் பாய்ந்ததும் கர்முர் என்று உறுமி நின்றுவிட்டது. தட்டினால் வருகிறது, விட்டால் போகிறது. நாளைக்குப் பின்பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

யூலை 5, வெள்ளி

கண்டுபிடித்தாயிற்று. சத்தத்தைக் கூட்டுகிற பெரிய கண்ணாடி வால்வு இரண்டில் ஒன்று ஆடுகிறது. கண்ணாடிக் குடுவையின் கழுத்து ஒரு கறுப்பு அடிக்கட்டைக்குள் இருக்கிறது, அந்த அடிக்கட்டையில்தான் கால்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த பசை பொரிந்து கொட்டிவிட்டது. கண்ணாடி ஆடுபல் மாதிரி. உள்ளே மயிர் போன்ற கம்பிகள் குடுவையிலிருந்து கால்களுக்கு ஓடுகின்றன. கொஞ்சம் திருகினாலும் அறும். அறுந்தால் சரி, சங்கு.

அண்ணையும் நானும் பஸ் பிடித்து நெல்லியடிக்குப் போனோம். றேடியோக் கடைக்காரர் வால்வைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வால்வு சாகேல்லைத் தங்கச்சி. கழண்டிருக்கு, அவ்வளவுதான். வடிவா ஒட்டினால் இன்னும் கனகாலம் ஓடும்."

"புதுசு ஒண்டு இல்லையோ?"

"புதுசோ! வெளிநாட்டுச் சாமான் இறங்கிற காலமே இது? கொழும்பிலையும் இல்லை. ஒட்டுறதெண்டால் சூடு தாங்கிற பசை வேணும். என்னட்டை அதுவும் இல்லை."

திரும்பும் வழியெல்லாம் நான் உம்மென்று. அண்ணை மட்டும் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். பாண் கியூவைத் தாண்டும்போது தொடையில் ஒரு அடி அடித்தார் (தன் தொடையில்). "எட, வீட்டிலை குங்கிலியம் கிடக்கு! வெய்யில், உப்புத்தண்ணி எல்லாத்தையும் தாங்கித் தோணியைப் பிடிச்சு வைச்சிருக்கு. உந்தச் சின்னக் குப்பியைப் பிடியாதோ?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் உருக்கி, தோணிப் பலகை இடுக்குக்கு விடுவதுபோலச் சுற்றிவர விட்டார். ஆறியதும் கல்லு! ஆட்டமே இல்லை. அண்ணை கெட்டிக்காரர். நாளன்றைக்குக் கோயில் மடத்தில் ஒத்திகை. சந்தோசத்தில் சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன், திரும்பப் பிரிக்க வேண்டும்.

யூலை 7, ஞாயிறு

அண்ணை கெட்டிக்காரர் என்று எழுதியதை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மடத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். ராசண்ணை ஓர்கன். (பகலில் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவர், பின்னேரம் ஓர்கனில் இருந்தால் மன்னர்.) நான் சேலையைச் செருகிக்கொண்டு கதிரையில். முதல் அடி வாசித்தேன், அம்பி தேன் மாதிரிப் பாடியது. தபேலாக்காரர் தலையை ஆட்டினார். இரண்டாம் அடி, அதைவிட நல்லாய்.

மூன்றாம் அடியில் ஒரு வாசம்.

நல்ல வாசம். கோயில் வாசம். ராசண்ணை கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். வாசலில் நின்ற கிழவிகள் இரண்டு பேரும் கைகூப்பி "தாயே" என்கிறார்கள். வீதியால் போன ஐயர் எட்டிப் பார்த்து, "ஆர் பிள்ளையள் குங்கிலியம் போட்டது? நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பக்தியாய் வாசிக்கிறேன், விசரி.

அம்பியின் முதுகுக்குள்ளிருந்து புகை!

சூட்டுக்குக் குங்கிலியம் உருகி, வால்வு காலடியெல்லாம் வழிந்து, பொரிந்து, புகைந்து... கர்முர், கர்முர், பிறகு ஒன்றுமில்லை. அண்ணை பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். ராசண்ணை சொன்னார், "சாமிக்குத் தூபம் காட்டுற அம்பிளிபயரை இண்டைக்குத்தான் கண்டன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழாமல் இருக்க.

வரும் வழியில் அண்ணையைக் கிழித்துவிட்டேன். "தோணிக்கு உள்ளை ஆரும் நெருப்பு மூட்டுறதோ? கடைக்காரர் சூடு சூடெண்டு சொன்னவர்தானே!"

"குங்கிலியத்திலை பிழையில்லை, தங்கச்சி. சூட்டிலைதான் பிழை."

இப்படி ஒரு எஞ்சின்காரனை நம்பி ஒரு கப்பலும் ஓடுகிறது! கப்பலைக் கடவுள்தான் காப்பாற்றுகிறார்.

ராசண்ணை நல்லவர், ஆனாலும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சத்தம் வராவிட்டால் என் பாட்டைத் தானே ஓர்கனில் வாசிப்பாராம். "என்ன செய்யிறது பிள்ளை, நோட்டீஸ் ஊரெல்லாம் போட்டுது."

யூலை 8, திங்கள்

காலை முழுக்கச் சுரண்டல். மண்ணெண்ணெய்த் துணி, தையலூசி, பொறுமை (என்னிடம் இல்லாதது). அண்ணை குடுவையைப் பிடிக்க நான் கிண்டினேன். கம்பி ஒன்றும் அறவில்லை. அம்மாளாச்சி!

மத்தியானம் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மண்டைக்குள் ஒரு மின்னல். கொடியேற்றத்துக்கு முன்னர் மேஸ்திரியார் கோபுரப் பொம்மைகளுக்குக் கை கால் பூசினாரே, எதில்? சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். வீடு வீடாக முட்டை சேர்த்தார்கள், எங்கள் வீட்டிலும்தான் கொடுத்தோம். வெயிலென்ன மழையென்ன, அசைகிறதா? சுண்ணாம்பு சூளையில் வெந்து வந்த சாமான். அது உருகுமோ? கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணை கேட்டுவிட்டுச் சுரண்டின குங்கிலியத் தூளை ஊதிவிட்டார். பிறகு, "நான் யோசிச்சிருக்க வேணும்" என்றார். சரிதான்!

அம்மாவிடம் போனோம். பூகம்பம்.

"முட்டையோ! கொடியேறின வீட்டிலை முட்டையோ! அதையும் பூசிக் கோயில் வீதிக்குக் கொண்டுபோகப் போறியளோ? அம்மாள் கண்ணைக் குத்துவா!"

"எணை, கோபுரத்திலை பூசினது என்னவாம்?"

"அது கோபுரம்!"

"அம்மாளின்ரை தலைக்கு மேலை பூசலாம், அம்பியின்ரை காலுக்குப் பூசக் கூடாதோ?"

"வாய்! வாய்! உந்த வாயோடை எந்த வீட்டிலை போய் வாழப் போறாய்?"

கதவை அடித்துச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் இருந்தேன். அம்மா பின்னேரப் பூசைக்குப் போனாள். திரும்பி வந்து செம்பைக் கழுவினாள், விளக்கு வைத்தாள், கோழியை அடைத்தாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள், "ஐயர் சிரிக்கிறார். சுண்ணாம்பு பட்டால் அது முட்டையில்லையாம், சாந்தாம். ஆனா வீட்டுக்குள்ளை வேண்டாம். வேலியடியிலை வைச்சுச் செய்யுங்கோ."

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். "விடடி, விடடி, முழுகின உடம்பு!"

யூலை 9, செவ்வாய்

முட்டை ஒன்றே ஒன்றுதான். மற்றதையெல்லாம் அம்மா அடைக்கு வைத்துவிட்டாள். ஊரில் யாரிடமும் கேட்க முடியாது. கொடியேறின ஊரில் முட்டை கேட்டுப் படலை தட்டினால் என்ன நினைப்பார்கள்?

வேலியடி, பூவரசு நிழல். சிரட்டைக்குள் வெள்ளைக்கரு, அதற்குள் சுண்ணாம்புத் தூள். நான் ஈர்க்கால் குழைக்க, அண்ணை, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தூள் போட, "காணும் அண்ணை!" "இறுக்கமா இருக்கட்டும்!" இப்படித் தர்க்கித்துக்கொண்டிருந்தபோதே சாந்து இறுகிவிட்டது. ஈர்க்கு உள்ளேயே நிற்கிறது. இழுத்தால் சிரட்டையும் சேர்ந்து வருகிறது.

இரண்டு பேரும் சிரட்டையைப் பார்த்தபடி. அண்ணை மெதுவாக, "நல்லாத்தான் பிடிக்குது" என்றார்.

சிரட்டையால் எறிந்தேன். படவில்லை.

இப்போது எல்லாம் புள்ளிக் கோழியின் கையில். கையில் என்றா எழுதினேன்! நாளைக்கு இடுமா? அம்மா சொல்கிறாள், ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் இடுகிறதாம். கோழிக்குக் குரக்கன் வைத்தேன், தண்ணீர் வைத்தேன், நல்ல வார்த்தையும் சொன்னேன்.

யூலை 10, புதன்

புள்ளிக் கோழி பின்னாலேயே காலை முழுக்க. அது விறகுக்குள் போனால் நானும் போகிறேன், அது வெளியே வந்தால் நானும் வருகிறேன். அம்மா: "உவள் வாசிக்கப் போறாளோ முட்டை இடப் போறாளோ தெரியேல்லை."

பத்து மணியளவில் கொக்கரித்தது! இப்படி ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. முட்டை இன்னும் சூடு. "அண்ணை, கெதியா ஓடி வாங்கோ!" அவர் முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார், பாதி மீசை தெரிகிறது, பாதி தெரியவில்லை.

இந்த முறை நானே அதிகாரி. தூள் கொஞ்சம், கஞ்சிப் பதம், கதைக்கக் கூடாது. கோழி இறகால் தொட்டு அடிக்கட்டைக்குள் விட்டேன், கழுத்தைச் சுற்றிவரப் பூசினேன். கால்களில் ஒரு துளி படவில்லை. கண்ணாடி கோணாமல் நேராக நிறுத்தி, அண்ணை மீன்பிடித் தங்கூசி நைலோன் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். முடிச்சுப் போடத் தெரிகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கழற்றாமல் கரண்ட் ஏற்றினால் நூலும் உருகுமாம், அதை அவரே சொன்னார். பட்டுத் தெளிந்துவிட்டார்.

உள்ளே ஈரம் இருந்தால் கரண்ட் கண்ட இடத்தால் ஓடும். ஆனபடியால் கடற்கரைச் சுடுமணலில் ஒரு பழைய தகரம் வைத்து, அதன்மேல் வால்வு. பக்கத்தில் குடையுடன் நான். குடை வால்வுக்கு இல்லை, எனக்கு. போகிறவர் வருகிறவரெல்லாம், "என்ன பிள்ளை, என்ன காயவிடுறாய்? கருவாடோ?" கொடியேறின நாளில் கருவாடாம்!

யூலை 11, வியாழன்

மணல், வெயில், வால்வு. தொடவில்லை. தொட மனம் துடிக்கிறது. கடற்கரை மணலுக்குக் கிற்றார் கூடாது, கதிரைக் கையில் விரல் போட்டுப் பழகினேன். சட்டை முடிந்தது.

கனவில் அம்பி முழுக்க முட்டை. கோழி அடைகாக்கிறது.

யூலை 12, வெள்ளி

பாடுகிறது! பாடுகிறது! பாடுகிறது!

நூலை வெட்டி, கண்ணாடியை மெல்ல அசைத்துப் பார்த்தோம். அசைவே இல்லை. மாட்டி, பிளக் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வால்வுக்குள் சிவப்பு மெல்ல ஏறியது. வாசமில்லை. புகையில்லை. அண்ணை அம்பியின் தலையில் குட்டினார், பிறகு குத்தினார், பிறகு பூனையைத் தூக்கி மேலே போட்டார். கர்ரும் இல்லை முர்ரும் இல்லை! நான் அம்மன் பாட்டை முழுக்க மூன்று தரம் வாசித்தேன். கொதிக்கக் கொதிக்கச் சாந்து சங்கு மாதிரி வெளுத்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் ஆடினோம். அம்மா அகப்பையோடு நின்று பார்த்தாள், திட்டவில்லை.

ராசண்ணை வந்து கேட்டு, "சரி பிள்ளை, உன்ரை பாட்டு உனக்குத்தான்" என்றார்.

பின்னேரம் தந்தி. அண்ணைக்கு. கப்பல் முந்திப் புறப்படுகிறதாம், உடனே கொழும்புக்கு வரட்டாம். நாளை இரவு மெயில் ரயில். கொடிகாமத்தில் ஏற வேண்டுமென்றால் பொழுதுபடவே வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். நாளை இசை நிகழ்ச்சியோ சாமி வீதி சுற்றி உள்ளே போன பிறகு.

அண்ணை தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அம்மா அடுப்பை ஊதுகிறாள், ஊதிக்கொண்டே இருக்கிறாள், அடுப்பு நல்லாகத்தான் எரிகிறது. மேடையில் என் பக்கத்தில் இனி யார் நிற்பது? இன்றைக்கு நான் சண்டை பிடிக்கவில்லை, எழுதி வைக்கிறேன்.

யூலை 14, ஞாயிறு

நேற்று எழுத நேரமில்லை. ஒழுங்காக எழுத வேண்டும், ஆனால் கை ஓடுகிறது.

நேற்றுப் பகல் அண்ணை அம்பியை மேடையில் கொண்டுபோய் வைத்தார். பலகை அதிராமலிருக்கக் கயிற்றுச் சுருள் ஒன்றை அடியில் போட்டார். வந்து குளித்தார், சாப்பிட்டார், பெட்டி கட்டினார். கார் வந்தது. அம்மா திருநீறு பூசிவிட்டாள். அண்ணை என்னிடம், "அம்மாவோடை கத்தாதை. கேட்டுப் பார், ஒருக்கால் கேட்டுப் பார்" என்றார். பிறகு, "எழுதிப் போடு, எப்பிடிப் போச்சுதெண்டு" என்றார். போகாத ஒன்றுக்கு என்ன எழுதிப் போடுவது? கார் திரும்பும் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு கொட்டிலுக்குப் பின்னால் போய் நல்லாக அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான். கப்பல்மேல் கோபம், தந்திமேல் கோபம், ஊர் வாய்மேல் கோபம், அந்த வாய்க்குப் பயந்த அம்மாமேல் கோபம்.

பொழுதுபட்டதும் ராசண்ணை படலையில். மேளச் சத்தம் கேட்கிறது.

"பெரியம்மா, என்ன முடிவு? வாறியளோ, இல்லையோ?"

நான் அறைக்குள். சேலை கட்டவில்லை, சட்டை கட்டிலில் கிடக்கிறது. கேட்கத்தான் வேண்டும் என்று எழுந்தேன். கேட்டேன். கத்தவில்லை. "அம்மா, நான் வாசிக்கப் போறன். அண்ணை இல்லைத்தான். எனக்கு வாசிக்க வேணும்." அவ்வளவுதான் வந்தது.

அம்மா அலுமாரியைத் திறந்தாள். தன் கலியாணத்துக்கு எடுத்த அரக்குக் கூறையை எடுத்து உதறினாள். எனக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. தானே உடுத்தினாள்! உடுத்திக்கொண்டு வெளியே போய் ராசண்ணையிடம் சொன்னாள்:

"மேடையிலை கதிரை ரெண்டு போடச் சொல்லு, தம்பி."

ராசண்ணைக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும்தான்.

நான் அவசரமாய்ச் சேலை சுற்றி ஓட, அம்மா கூடவே வந்து மேடையில் ஏறினாள். அப்பா போன பிறகு ஒரு கலியாண வீட்டு மணவறைப் பக்கம்கூடப் போகாத அம்மா, கூறையோடு, வெளிச்சத்தில், என் பக்கத்துக் கதிரையில். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பொலிசில் முறைப்பாடு கொடுக்க வந்தவள் போல நேரே பார்த்தபடி இருந்தாள். முன்வரிசையில் யாரோ பெண்கள் கிசுகிசுத்தார்கள். "உது ஆர், தாய்க்காரியோ? ஐயோ, மேடையிலையோ!" அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கிசுகிசு நின்றது.

வாசித்தேன். அம்பி பாடியது, வெளிவீதி முழுக்கப் பாடியது, தேர்முட்டிக்கு அப்பாலும் கேட்டதாம். தபேலாக்காரர் வேகம் கூட்டினார், நானும் கூட்டினேன். கடைசி அடியில் பல்லைக் காட்டிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டுக் கைப்பையை நேராக்கி வைத்தாள். சனம் "இன்னொருக்கால்! இன்னொருக்கால்!" என்று கத்தியது. ராசண்ணை என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "என்னை ஏனடி பாக்கிறாய், உனக்குத் தெரியாதோ? வாசி" என்றாள்.

திரும்பவும் வாசித்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. இவ்வளவு சந்தோசம் ஒரு உடம்புக்குள் இருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

அண்ணைக்கு எழுத வேண்டும். நீளமாக.

யூலை 15, திங்கள்

நேற்றுப் பின்னேரம் வைரவர் மடை முடிந்தது. இன்றைக்குச் சட்டிகள் பரணால் இறங்கிவிட்டன. பாரைமீன், முருங்கைக்காய் போட்டு. வீடெல்லாம் வாசம். காற்றுக் குறைவு.

அண்ணைக்கு நாலு பக்கம் எழுதினேன், இன்னும் முடியவில்லை. அம்மாவின் கூறையைக் காற்றில் போட்டேன். கிணற்றடியில் அயல் பெண்கள் என்னவோ கதைத்தார்களாம். அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்டதற்கு, "உனக்கேன் அது? மீனைத் திருப்பு" என்றாள்.

படலையில் சைக்கிள் மணி. ராசண்ணை. இணுவிலில் ஒரு கலியாண வீடாம், வருகிற மாதம், அம்பியும் நானும் வரவேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டாரே கேட்டார்களாம். அண்ணை இல்லை, இனி ஒன்றரை வருடத்துக்கு இல்லை. ராசண்ணை முற்றத்தில் நின்றபடி தலையைச் சொறிகிறார், "பெரியம்மா, அது வந்து..." என்று இழுக்கிறார்.

அம்மா குசினிக்குள்ளிருந்து, மீன் கையோடு:

"நாங்கள் எத்தினை மணிக்கு அங்கை நிக்கவேணும்?"